சுபாவின் ஈறும் என் ஈறும்

பிப்ரவரி 10, திங்கள்

சுபாவுக்கு நேற்று நிச்சயதார்த்தம் முடிந்தது. காலையில் வாடகைப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆபீஸ் போனேன். ஒரு கரண்டி குறைகிறது என்றார்கள். சாயங்காலம் அது வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கிடைத்தது.

மாப்பிள்ளை பெயர் இசக்கிராஜா. கயத்தாறு பக்கம் காற்றாலைகளில் பராமரிப்பு வேலை. எங்களுக்குச் சொந்தம் கிடையாது, புரோக்கர் மூலமாக வந்த இடம். சுபாவுக்கு இருபத்தெட்டு முடியப் போகிறது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இருவரும் மொட்டைமாடியில் பேசிவிட்டு இறங்கும்போதே சிரித்துக்கொண்டுதான் வந்தார்கள். கல்யாணம் ஜூன் எட்டாம் தேதி, கோவில்பட்டியிலேயே மண்டபம்.

நான் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு காபி கொடுத்தேன். மாப்பிள்ளையின் அம்மா பேச்சியம்மாள் என்னைப் பார்த்து, "மூத்தவளுக்கு ஏன் இன்னும் முடிக்காம வச்சிருக்கீக?" என்று கேட்டார்கள்.

"அவளுக்குக் கல்யாணத்துல இஷ்டம் இல்லன்னுட்டா. போஸ்ட் ஆபீஸ் வேலையே போதும்னு இருக்கா" என்றாள் அம்மா.

"மாஸ்க் எதுக்கு?"

"சளி பிடிச்சிருக்கு."

எனக்குச் சளி இல்லை. கொரோனா சமயத்தில் எல்லோரும் போட்டார்கள், நானும் போட்டேன். அவர்கள் கழற்றிவிட்டார்கள். நான் கழற்றவில்லை. அவ்வளவுதான்.

இந்த டைரி இன்சூரன்ஸ் ஏஜெண்ட் கொடுத்தது. சும்மா கிடக்கிறதே என்று எழுதுகிறேன்.

பிப்ரவரி 19, புதன்

வாஷ்பேசினில் ரத்தம். சுபா பல் தேய்த்துவிட்டுப் போன பிறகு பார்த்தேன். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன்.

பிப்ரவரி 27, வியாழன்

சுபா அடுக்களைக்கு வந்து வாயைத் திறந்து காட்டினாள். போன மாதம் கடைவாய்ப் பல் பிடுங்கிய இடம் இன்னும் ஆறவில்லை. அதற்குப் பக்கத்து ஈறு வெளிறிப்போய், கட்டையாகத் தடித்து, பல்லின் மேல் ஏறியிருந்தது. கீழ்வரிசை முன்பற்களுக்கு நடுவிலும் ஒன்று கிளம்பியிருக்கிறது.

"என்னக்கா இது?"

"சூடு. மோர் குடி" என்றேன்.

மோர் கலக்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள்.

மார்ச் 2, ஞாயிறு

துணி ஊறவைத்தேன். பருப்பு நனைத்தேன். அம்மா கல்யாணப் பத்திரிகைக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். என் பெயரை எங்கே போடுவது என்று யோசித்துக் கடைசியில் "அன்புடன் அழைக்கும்" என்பதற்குக் கீழே, 'செண்பகவல்லி, அஞ்சல் துறை' என்று போட்டாள்.

எனக்கு முதலில் ஈறு தடித்தது ஆறாம் வகுப்பில். முதல் பல் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்னால் விழுந்தது. கடைசிப் பல் வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் கழித்து. நடுவில் எத்தனையோ டாக்டர்கள். எல்லோரும் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: "ஒழுங்காப் பல் தேய்ப்பியாம்மா?" என்னைக் கேட்டுவிட்டு அம்மாவைப் பார்ப்பார்கள். பிறகு ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, தடித்த ஈறை வெட்டி எடுப்பார்கள். இரண்டு வாரத்தில் முன்னைவிடக் கெட்டியாக வளர்ந்துவிடும்.

அம்மா தினமும் காலையில் சோதனை போடுவாள். எதிரில் நின்று, "ஊது" என்பாள். ஊதுவேன். நாற்றம் இருக்கும். ஈறு அழுகினால் இருக்கத்தான் செய்யும். அடிப்பாள். திரும்பப் போய்த் தேய்ப்பேன். ரத்தம் வரும். மறுபடி, "ஊது."

இரண்டு இடம் பெண் பார்க்க வந்தார்கள். ஒரு இடத்தில் பையனின் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு, தண்ணீர் கேட்டு எழுந்து போனவர்கள் திரும்பி வந்து உட்காரவில்லை. அதற்குப் பிறகு யாரையும் வரச் சொல்லவில்லை.

இப்போது பல்செட். வலி கிடையாது. சௌகரியம்தான்.

மார்ச் 13, வியாழன்

அம்மா பார்த்துவிட்டாள். சுபா முறுக்கு கடிக்க முடியாமல் வைத்ததும், "வாயத் திற" என்றாள். திறந்தாள். அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஊதச் சொல்லவில்லை.

நாளை மறுநாள் திருநெல்வேலியில் ஈறுக்கென்றே படித்த டாக்டரிடம் போகிறோம். என்னையும் லீவு போடச் சொன்னாள். துணைக்கு ஆள் வேண்டுமாம். என்னை முதன்முதலில் பல் டாக்டரிடம் காட்டியபோது எனக்கு நான்கு பல் போயிருந்தது. சும்மா ஞாபகம் வந்தது, எழுதினேன்.

மார்ச் 15, சனி

டாக்டர் பெயர் கிரேஸ்லின். சின்ன வயசு. நாகர்கோவில் பேச்சு. சுபாவின் வாயை நெடுநேரம் பார்த்தார். ஊசி போட்டு, ஒரு துணுக்கு ஈறை மட்டும் பரிசோதனைக்கு எடுத்தார். மற்றதைத் தொடவில்லை.

"முழுசா வெட்டி எடுத்துருங்க டாக்டரம்மா, ஜூன்ல கல்யாணம்" என்றாள் அம்மா.

"என்னன்னு தெரியாம வெட்டக் கூடாதும்மா. இது சாதாரண ஈறு நோய் மாதிரி இல்ல. பல்லு சுத்தமா இருக்கு, ஆனா எலும்பு குறையுது. வீட்ல வேற யாருக்காவது இப்படி வந்திருக்கா?"

"இல்ல" என்றாள் அம்மா.

நான் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். மாஸ்க் போட்டிருந்தேன். டாக்டர் எழுதிக்கொண்டார். சுபா வாயில் பஞ்சோடு என்னைப் பார்த்தாள். பேச முடியாது அவளால். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். ஒரு குழந்தை பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம்.

"நீங்களும் உங்க வீட்டுக்காரரும் சொந்தமா?"

"எங்க அத்தை மகன்தான். அவுக இறந்து ஆறு வருசமாச்சு."

திரும்பி வரும்போது ஜவுளிக்கடையில் இறங்கிச் சுபாவுக்கு உள்பாவாடைத் துணி எடுத்தோம்.

மார்ச் 24, திங்கள்

ஆபீஸில் கூட்டம். ஸ்பீடு போஸ்ட் மெஷின் இரண்டு முறை நின்றது.

ஈறுத் துணுக்கில் சீழ் இல்லை, புற்று இல்லை என்று டாக்டர் போனில் சொன்னாராம். உறைந்த ரத்தத்தில் இருக்கும் ஏதோ ஒன்று அதில் நிறையப் படிந்திருக்கிறதாம். சுபாவின் ரத்தத்தை வெளியூர் லேபுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

மார்ச் 30, ஞாயிறு

இட்லித்தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். சுபா வந்து நின்றாள்.

"டாக்டர்கிட்ட நேத்து உன்னப் பத்திச் சொல்லிட்டேன்க்கா. அவங்க உன்ன வரச் சொல்லுதாங்க. உன் ரத்தமும் பாக்கணுமாம்."

"எனக்கு இனிமே எதுக்கு? பல்லே இல்ல."

"உன்னப் பாத்தா எனக்குச் சீக்கிரம் தெரியும்லா?"

"அம்மா இல்லன்னு சொல்லியாச்சு. இப்ப நான் போய் நிக்கவா?"

"எனக்கு ஈறு வீங்குனதும் உன்கிட்டதான் முதல்ல காட்டுனேன். உனக்கு அன்னைக்கே தெரியும்லா?" என்றாள்.

"தெரியும்."

"பின்ன ஏன்க்கா மோரக் குடின்ன?"

தட்டுகளைக் கவிழ்த்து வைத்தேன். ஆறு தட்டு. அவள் அழுதுகொண்டே போனாள். அவள் அழும்போதுகூடப் பற்கள் வரிசையாக அழகாகத்தான் இருக்கின்றன.

ஏப்ரல் 5, சனி

மதுரையில் ஆபீஸ் பயிற்சி என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் திருநெல்வேலி பஸ் ஏறினேன்.

டாக்டர் கிரேஸ்லின் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "அன்னைக்கு வந்தீங்கல்லா, பக்கத்துல இருந்தீங்களே" என்றார். மாஸ்க்கைக் கழற்றினேன். பல்செட்டையும் கழற்றிக் கைக்குட்டையில் வைத்தேன். வீட்டில் இருப்பவர்களைத் தவிர யார் முன்னாலும் நான் அப்படிச் செய்ததில்லை. அவர் முகம் மாறவில்லை.

"சின்ன வயசுல கண்ணுல ஏதாவது தொந்தரவு இருந்துச்சா?"

இருந்தது. இமைக்கு உள்ளே வெள்ளையாகத் தோல் வளர்ந்து, மூன்றாம் வகுப்புவரை அதையும் வெட்டி வெட்டி எடுத்தார்கள். அது தனி, இது தனி என்றுதான் நினைத்திருந்தேன். "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். சுபாவின் ரத்தப் பரிசோதனை முடிவு மேஜை மேல் இருந்தது. அதைக் காட்டி விளக்கினார்.

"காயம் பட்டா ரத்தம் உறையுதுல்லா? அப்ப ரத்தத்துல இருக்க ஒரு புரதம் நூல் நூலாப் பின்னி வலை மாதிரி ஆகும். ஃபைப்ரின்னு சொல்லுவோம். காயம் ஆறுனதும் அந்த வலையக் கரைச்சு எடுக்கதுக்கு இன்னொரு புரதம் இருக்கு. அது உங்க தங்கச்சிக்கு ரொம்பக் குறைவா இருக்கு. பிறந்ததுல இருந்தே. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்னு நினைக்கேன். சாப்பிடும்போது, தேய்க்கும்போது எல்லாருக்கும் ஈறுல சின்னச் சின்னதாக் காயம் பட்டுக்கிட்டேதான் இருக்கும். மத்தவங்களுக்கு வலை கரைஞ்சிரும். உங்களுக்கு மேல மேல படிஞ்சு கட்டையாயிரும்."

"பல்லு ஏன் விழுது?"

"ரத்தத்துல வெள்ளை அணுக்கள் இருக்குல்லா, கிருமியோட சண்டை போடுறது. அதுக அந்த வலையில வந்து ஒட்டுன உடனே சண்டை நடக்குன்னு நினைச்சுக்கிடும். கையில இருக்க விஷத்தையெல்லாம் அங்கேயே கொட்டும். வலை போகாதவரைக்கும் புதுசு புதுசா வந்துக்கிட்டே இருக்கும். அடியில இருக்க எலும்பு அதுலயே அரிச்சுப் போயிரும். பல்லுக்குப் பிடிமானம் இருக்காது."

"வெட்டுனா திரும்ப வளரும்."

"வெட்டுனா அது புதுக் காயம். புதுசா வலை. உங்களுக்கு வெட்டியே இருக்கக் கூடாது."

நான் தலையாட்டினேன். அவர் கொஞ்சம் முன்னால் வந்து, "நீங்க எவ்வளவு சுத்தமா வச்சிருந்தாலும் இது வந்திருக்கும்மா. உங்க மேல தப்பு இல்ல" என்றார்.

"சரி" என்றேன்.

ரத்தம் எடுத்தார்கள். பில் எங்கே கட்டுவது என்று கேட்டுக் கட்டினேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சாத்தூரில் கண்டக்டர் வந்து, "கோவில்பட்டி டிக்கெட்தானம்மா எடுத்த, தூங்கிட்டியா?" என்றார். நான் தூங்கவில்லை. இறங்கி வேறு பஸ் பிடித்துத் திரும்பினேன். வரும் வழியில் தக்காளி வாங்கினேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. வடை, பாயசம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

என் முடிவும் வந்துவிட்டது. அந்தப் புரதம் சுபாவைவிட எனக்கு இன்னும் குறைவு. ஒரே குறைதான், ஆளுக்கு ஒரு மாதிரி காட்டும் என்றார் டாக்டர். அந்தப் புரதத்தையே மருந்தாகக் கொடுக்கலாம், ஆனால் இங்கே அது எளிதில் கிடைக்காது. ரத்த வங்கியில் உறைய வைத்திருக்கும் பிளாஸ்மா என்கிற ரத்தநீரில் அது கொஞ்சம் இருக்கிறதாம். ரத்தநோய் டாக்டர் ஒருவர் மேற்பார்வையில் சுபாவுக்கு அதை ஏற்றிப் பார்க்கப் போகிறார்கள்.

அம்மாவிடம் சுபாதான் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், நான் தனியாகப் போனதையும். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அம்மா அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"டாக்டருக்குப் படிச்சவுகளுக்கே அப்பத் தெரியல."

"ஆமா."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"இப்ப என்ன செய்யச் சொல்லுத? உன் கால்ல விழவா?"

"தோசை ஆறுது" என்றேன்.

அம்மா சாப்பிடவில்லை. தட்டை மூடி வைத்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

சுபாவுக்கு நேற்று முதல் தடவை பிளாஸ்மா ஏற்றினார்கள். மஞ்சளாக, நீர்மோர் கலங்கின மாதிரி இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து தபால்துறைத் தேர்வுப் புத்தகம் படித்தேன்.

மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும் என்றாள் சுபா. கல்யாணம் முடியட்டும் என்றாள் அம்மா. இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"அம்மா சொல்றபடி கேளு" என்றேன்.

சுபா போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். ஒரு மணி நேரம் கழித்து இறங்கி வந்து, "சொல்லிட்டேன்" என்றாள்.

மே 2, வெள்ளி

அந்தப் பக்கமிருந்து போன் இல்லை. அம்மா மண்டபக்காரரிடம் மட்டும் பேசுகிறாள்.

மே 4, ஞாயிறு

இன்று வந்தார்கள். இசக்கிராஜா, பேச்சியம்மாள், அவர்கள் வீட்டுக்காரர். பேச்சியம்மாள் காபியைத் தொடவில்லை.

"ஏதோ ரத்தத்துல குறைங்காகளே. பிள்ளைகளுக்கு வருமா வராதா? எங்களுக்குத் தெரியணும்லா?"

"மாப்பிள்ளை சொந்தம் இல்லாததால வர்றதுக்கு வாய்ப்பு ரொம்பக் குறைவுன்னு டாக்டரம்மா சொன்னாக" என்றாள் அம்மா. "ரெண்டு பக்கமும் அந்தக் குறை இருந்தாத்தான் வருமாம்."

"உங்க மூத்தவளுக்கும் இதுதானா? அதான் கல்யாணம் முடிக்கலியா?"

அம்மா வாயைத் திறந்தாள். என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். டாக்டர் அறையில் சொன்ன அதே வார்த்தை.

நான் மாஸ்க்கைக் கழற்றினேன். திட்டம் போட்டுச் செய்யவில்லை. கை தானாகப் போனது. பல்செட்டையும் எடுத்தேன். பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் புரியும்.

"எனக்கும் இதுதான். யாருக்கும் என்னன்னு தெரியல. அதனால எல்லாம் போச்சு. இவளுக்குத் தெரிஞ்சிருச்சு. இவளுக்குப் போகாது."

பேச்சியம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பார்வையை விலக்கினார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்தார்கள்.

இசக்கிராஜா மட்டும் வாசலில் செருப்பை மாட்டியவர் திரும்பி வந்தார். "அடுத்து எப்ப மதினி ஏத்துறாங்க? நான் லீவு சொல்லணும்" என்றார்.

"சனிக்கிழமை" என்றேன்.

மே 10, சனி

வந்தார். டாக்டரிடம் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். காற்றாலை மெஷினைப் பற்றிக் கேட்கிற மாதிரியே கேட்டார். சுபாவுக்கு வெட்கம். எனக்குப் பசி.

கீழ்வரிசை வீக்கம் கொஞ்சம் அமுங்கியிருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

இசக்கிராஜா உறுதியாக நின்றதால் நேற்று கல்யாணம் நடந்தது. பேச்சியம்மாள் கடைசிவரை என்னிடம் பேசவில்லை, ஆனால் பந்தியில் என் இலையில் பாயசம் இல்லாததைப் பார்த்து ஆளை அனுப்பினார்கள். சுபாவுக்குக் கடைவாயில் ஒரு பல் ஆடுகிறது. டாக்டர் அதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்கிறார்.

மண்டபத்தைக் காலி செய்து பூக்குப்பையை அள்ளிப் போட்டேன். எல்லோரும் நன்றாக நடந்தது என்றார்கள். நன்றாகத்தான் நடந்தது. எனக்குச் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். தூக்கம் வந்தது.

ஜூன் 28, சனி

அம்மாவின் ரத்தத்தையும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் இருவரும் திருநெல்வேலி போனோம். என் கண்ணையும் ஈறையும் அவர் வருஷத்துக்கு இரண்டு முறை பார்க்க வேண்டுமாம். அம்மாவிடம் எளிமையாகச் சொன்னார்: அம்மாவுக்குப் பாதி அளவு இருக்கும், அப்பாவுக்கும் பாதி இருந்திருக்கும், அதனால் இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது, இரண்டு பாதிக் குறையும் சேர்ந்ததுதான் நாங்கள். அம்மா கேட்டுக்கொண்டாள்.

பஸ் நிலையத்தில் டீ வாங்கினாள். ஒரு கிளாஸை என்னிடம் நீட்டி, "வாயக் கொப்பளிச்சிட்டுக் குடி" என்றாள். வேண்டுமென்றே சொல்லவில்லை. பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

எனக்குக் காது அடைத்தது. என்ன ஆகிறது என்று புரியவில்லை. பெஞ்சில் இருந்து எழுந்திருந்தேன், அது மட்டும் தெரியும்.

"நான் தேய்ச்சேன்" என்றேன். சத்தமாக வந்தது. "தினமும் தேய்ச்சேன். ரெண்டு நேரமும் தேய்ச்சேன். ரத்தம் வர வரத் தேய்ச்சேன். நீ ஊது ஊதுன்னு சொல்லி அடிச்சப்பவும் நான் தேய்ச்சிட்டுத்தான் வந்து நின்னேன்."

டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். ஒரு கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடியே நின்றார். நான் நிறுத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னைத் தனி பெஞ்சில் வைத்ததைச் சொன்னேன். தண்ணீர் கேட்டு எழுந்துபோன அந்த அம்மாவைச் சொன்னேன். டாக்டர் அறையில், பக்கத்தில் என்னை வைத்துக்கொண்டே இல்லை என்று சொன்னாயே, நான் இல்லையா என்று கேட்டேன். மாஸ்க் கழுத்தில் தொங்கியது. எல்லோரும் பார்க்கட்டும் என்று இருந்தது.

அம்மா இரண்டு கிளாஸையும் பிடித்துக்கொண்டு நின்றாள். டீ தளும்பிக் கையில் ஊற்றியது. துடைக்கவில்லை. அவள் எதிர்த்துப் பேசுவாள் என்றுதான் நினைத்தேன். டாக்டருக்கே தெரியவில்லை என்பாள், காலில் விழவா என்பாள்.

"தேய்ச்ச தாயி" என்றாள். "நீ தேய்ச்ச. எனக்குத் தெரியும், நீ தேய்ச்ச."

எங்கள் பஸ் வந்தது. அவளை ஏற்றிவிட்டு, "நீ போ, நான் அடுத்த பஸ்ல வாரேன்" என்றேன். அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே போனாள். நான் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து, யார் பார்க்கிறார்கள் என்று கவலைப்படாமல் அழுதேன். டீக்கடைக்காரர் கேட்காமலே இன்னொரு டீ கொண்டுவந்து வைத்தார். சூடாக இருந்தது. நாக்கு சுட்டது.

இதை எழுதும்போதும் இன்னும் கோபம் தீரவில்லை.